யாருடைய வயிற்றுக்கு மருந்து?

மன்னார்த் தீவின் கரையோரத்தில் ஒரு வாடி. பனையோலைக் கூரையின் கீழ் பெரியதோர் அண்டாவிலே கடல்நீர் கொதிக்கிறது. இரவு முழுவதும் நீரின் அடியில் கிடந்து சுழியோடிகள் பொறுக்கி வந்த கடல் அட்டைகள் அதில் அவிகின்றன. குடல் நீக்கி, அவித்து, மணலிலே புதைத்து, மேல்தோலைச் சுரண்டி, மீண்டும் அவித்து, வெயிலிலே காயவைத்து முடிக்கும்போது, உயிரோடு இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. கருகிய கட்டைபோல் தோன்றும் அந்தப் பொருளை மன்னாரில் எவரும் உண்பதில்லை. எந்த வைத்தியரும் எந்த நோய்க்கும் அதை எழுதிக் கொடுப்பதில்லை. அது பெட்டியிலே ஏறி ஹாங்காங்கிற்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. அங்கிருந்து சீனத்துச் செல்வர்களின் விருந்து மேசைக்கும் மருந்துக் கடைக்கும் போகிறது.

அங்கே அதற்குப் பெயர் ‘ஹாய்ஷென்’. கடலின் ஜின்செங் என்று பொருள். சிறுநீரகத்துக்கு வலுவூட்டும், இரத்தத்தைப் பெருக்கும், உடலின் வறட்சியை நீக்கும், குடலை ஈரப்படுத்தி மலச்சிக்கலைத் தீர்க்கும் என்று சீன மரபு வைத்தியம் அதற்குக் குணங்கள் கூறுகிறது. கூறட்டும். நாம் கேட்கும் கேள்வி எளியது. இந்த மருந்து யாருடைய வயிற்றுக்கு? அதற்கு விலையாகக் கொடுக்கப்படுவது யாருடைய வயிறு?

இக்கேள்வியைக் கேட்டவுடனேயே இரு தரப்பினர் நம்மீது பாய்வார்கள் என்பதை அறிவோம். ஒரு தரப்பினர், “சீன வைத்தியமெல்லாம் வெறும் மூடநம்பிக்கை, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” என்பார்கள். மற்றத் தரப்பினர், “ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கீழைத்தேய அறிவைப் பழிக்கிறீர்களே, நீங்கள் மேனாட்டு மருந்துக் கம்பெனிகளின் கையாட்களா?” என்பார்கள். இரண்டுமே சிந்திக்கும் சிரமத்திலிருந்து தப்புவதற்கான வழிகள். நாம் இவ்விருவருக்கும் பதில் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

முதல் தரப்பினருக்கு: 1967இல் சீனத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடும் பெரு முயற்சி ஒன்று தொடங்கியது. து யோயோ என்ற பெண் விஞ்ஞானி அதிலே பங்கேற்றார். பழைய சுவடிகளை அவர் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங் என்பவர், ஒரு பூண்டினைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன குறிப்பு அவருக்கு ஒரு துப்பாக அமைந்தது. கொதிக்கவைத்தால் மருந்து அழியும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார். அதுவே ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மன்னாரையும் வன்னியையும் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய் மலேரியா. அந்நோயற்ற நாடு என்று 2016இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. ஆகவே மரபு வைத்தியத்தில் எதுவுமே இல்லை என்று சொல்பவன் விஞ்ஞானி அல்லன். அவன் வேறொரு வகை மூடநம்பிக்கைக்காரன்.

இரண்டாம் தரப்பினருக்கு: து யோயோ அந்தச் சுவடியை வணங்கவில்லை, சோதித்தார். நூற்றுக்கணக்கான மூலிகைகளில் பலன் தராதவற்றைத் தூக்கி எறிந்தார். பலன் தந்ததன் காரணத்தைக் கண்டறிந்தார். மரபு அங்கே சாட்சியாக நின்றதே தவிர நீதிபதியாக அமரவில்லை. மறுபுறம், சோதனையின்றி மரபை விற்றால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொரு நச்சு மூலிகை கலந்துவிட்டதே காரணம். ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்று சொல்லிக் கொடுத்தவர்கள் எவரும் அப்பெண்களுக்கு இழந்ததைத் திருப்பித் தர முடியவில்லை.

இது சீனத்துக்கு மட்டுமுரிய குற்றமன்று. நமது சித்த வைத்தியத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் இதே அளவுகோல்தான். மரமஞ்சளை நம் நாட்டில் சிங்களவரும் தமிழரும் தலைமுறைகளாக வயிற்றுளைவுக்கும் காய்ச்சலுக்கும் அவித்துக் குடித்து வந்திருக்கிறார்கள். அதிலே பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. சீனர் வயிற்றோட்டத்துக்குக் கையாளும் வேறொரு கசப்பு வேரிலும் அதே பொருள் இருக்கிறது. கடல் கடந்து இரு மக்கள் தனித்தனியே ஒரே கசப்பை வந்தடைந்தார்கள் என்பது வியக்கத்தக்க செய்தி. அது ஆராய்ச்சிக்கு அழைப்பு விடுக்கிறதே தவிர, இரு நாட்டு வைத்தியத்தின் எல்லாக் கூற்றுக்கும் முத்திரை குத்திவிடவில்லை.

மேனாட்டு மருத்துவமும் தவறாதது என்று நாம் சொல்லவில்லை. வயிற்றுப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமான உணவுமே காரணம் என்று அது நெடுங்காலம் சாதித்து வந்தது. 1980களில் மார்ஷல், வாரன் என்ற இரு அவுஸ்திரேலியர்கள் பெரும்பாலான புண்களுக்கு ஒரு கிருமியே காரணம் என்று காட்டினார்கள். முதலில் நம்ப மறுத்த உலகம் 2005இல் அவர்களுக்கு நோபெல் பரிசளித்தது. தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் முறைக்குப் பெயர்தான் விஞ்ஞானம். அது கிழக்குக்கும் சொந்தமன்று, மேற்குக்கும் சொந்தமன்று.

இந்த அளவுகோலைக் கடல் அட்டையின்மீது வைத்துப் பார்ப்போம். அதிலே புரதம் உண்டு, கொழுப்புக் குறைவு. ஆய்வுகூடத்தில் ஆராயத்தக்க இரசாயனப் பொருள்கள் சில உண்டு. ஆனால் அது மலச்சிக்கலையும் குடல் வறட்சியையும் குணப்படுத்தும் என்பதை மனிதரிடையே நடத்தப்பட்ட பெரிய சோதனை எதுவும் நிறுவவில்லை. மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துள்ள உணவு, போதிய தண்ணீர், உடலுழைப்பு ஆகியவை உதவும் என்பதை எந்தக் கிராமத்துத் தாதியும் சொல்வாள். இவற்றுக்குக் கிலோ ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் அந்த விலை எதற்கு? அது நோய்க்கான விலையன்று, அந்தஸ்துக்கான விலை. திருமண விருந்திலும் புத்தாண்டுப் பரிசிலும் வைக்கப்படும் பொருள் அது. அரிதாக அரிதாக விலை ஏறும். விலை ஏற ஏற ‘மருந்துக் குணமும்’ ஏறும்! சந்தையின் வைத்திய சாஸ்திரம் இதுதான்.

இனி அந்தப் பிராணியின் கதையைச் சொல்ல வேண்டும். கண்ணில்லை, காலில்லை, முதுகெலும்பில்லை. ஆழமற்ற களப்புகளிலும் சாதாளைத் தரையிலும் ஊர்ந்து, மணலை விழுங்குகிறது. மணலோடு கலந்து கிடக்கும் அழுகலைச் செரித்துக்கொண்டு, தூய மணலைப் பின்னே விட்டுச் செல்கிறது. கடலடித் தரையைக் கிளறிக் காற்றோட்டம் தருவதும், கழிவைச் சத்தாக மாற்றி மீண்டும் நீரில் சேர்ப்பதும் அதன் வேலை. உழவனுக்கு மண்புழு எப்படியோ, மீனவனுக்குக் கடல் அட்டை அப்படி. சுருங்கச் சொன்னால், அது கடலின் குடல். மனிதக் குடலைச் சுத்தம் செய்வதற்காகக் கடலின் குடலை அறுத்தெடுக்கும் வைத்தியத்தை நாம் என்னவென்று அழைப்பது?

ஆபத்து நேரிட்டால் இப்பிராணி தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பின்னர் சில வாரங்களில் புதிய குடலை வளர்த்துக்கொள்ளும். மன்னார் மீனவனுக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை வயிற்றில் அடித்தால் அது அடித்ததுதான்.

இந்த வணிகம் நேற்று முளைத்ததன்று. மன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள மாந்தையில் அகழ்ந்தவர்கள் சீனத்துப் பீங்கான் ஓடுகளை எடுத்திருக்கிறார்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு, சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டுக் காலியிலே கிடைத்தது. பாக்கு நீரிணையின் அட்டை ஆயிரமாண்டுக்கு மேலாகச் சீனம் சென்று வந்ததென்று சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோர்னல் 1917இல் எழுதினார். இந்தப் பழைய உறவை நாம் போற்றுகிறோம். ஆனால் பாய்மரக் கப்பல் காலத்து வணிகத்தையும், காற்றுச் சிலிண்டரும் மின்விளக்கும் குளிரூட்டிய கொள்கலனும் கொண்ட இன்றைய வணிகத்தையும் ஒரே தராசில் நிறுப்பது வரலாற்றறிவாகாது. அன்று மூச்சடக்கிக் குளித்தவன் எடுத்ததைக் கடல் திருப்பி வளர்த்தது. இன்று எடுக்கும் வேகத்துக்குக் கடலால் ஈடுகொடுக்க முடியவில்லை. தென்கரையில் அட்டை அருகிய பின்னரே தொழில் வடக்கையும் வடமேற்கையும் கிழக்கையும் தேடி வந்தது. இங்கு மிகுந்த விலை போகும் வெள்ளை அட்டை இன்று உலகளவில் அழிவை எதிர்நோக்கும் இனமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது.

இதே கரை இதே பாடத்தை ஒருமுறை கற்றிருக்கிறது. சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடந்த முத்துக்குளிப்பை யார் மறப்பார்? 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மகிழ்ந்து போன காலனி அரசு, மறு ஆண்டே படுகைகளை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் படுகைகள் வெறுமையாயின, கம்பெனி கலைந்தது, பழைய வளம் திரும்பவேயில்லை. அரிப்பிலே ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையைக் கடலலை தின்றுகொண்டிருக்கிறது. பேராசைக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேண்டியதில்லை.

இனி உழைப்பவனிடம் வருவோம். அட்டை குளிப்பவன் இரவிலே இறங்குகிறான். கரையோரம் அட்டை அருகியதால் ஆழத்துக்குப் போகிறான். ஆழத்தின் அழுத்தத்தில் அவன் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலே கரைகிறது. மெல்ல மெல்ல மேலேறினால் அது வெளியேறிவிடும். ஆனால் இன்னும் இரண்டு அட்டைக்காக இன்னொரு முறை மூழ்கி, சிலிண்டர் தீரும் தறுவாயில் விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நாளங்களிலே குமிழிகள் எழும். மூட்டுகள் நோகும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் விழுந்துவிடும். அதற்குரிய அழுத்த அறைச் சிகிச்சை மீனவக் குடிலுக்கு அடுத்த வீட்டிலே இல்லை. முதலாளியின் முன்பணத்தைத் தீர்க்க வேண்டியவனுக்கு ‘மெல்ல ஏறு’ என்று போதிப்பது யாருக்கும் எளிது. அவன் கையிலிருந்து சம்மாட்டிக்கு, சம்மாட்டியிடமிருந்து தரகனுக்கு, தரகனிடமிருந்து ஏற்றுமதிக் கம்பெனிக்கு அட்டை கைமாறுகிறது; ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை தாவுகிறது. முதலில் எடுத்த கையில் ஒட்டியது உப்பு மட்டுமே.

தமிழில் ‘அட்டை’ என்ற சொல்லுக்கு இரத்தம் உறிஞ்சும் பிராணி என்ற பொருளும் உண்டு. கடலிலே வாழும் அட்டை எவர் இரத்தத்தையும் உறிஞ்சியதில்லை. கரையிலே வாழும் அட்டைகளைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

இப்போது ஒரு புதிய வாதம் வந்திருக்கிறது. “கடலில் பொறுக்குவதால்தானே அழிவு? பண்ணை வைத்து வளர்ப்போம். மீனவனுக்குத் தொழில், நாட்டுக்கு டொலர்” என்கிறார்கள். 2022 ஜூனில், நாடு பணமுடை கண்டு தவித்த நாட்களில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பாரிய அட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை இசைவளித்தது. அதே நாட்களில் மீனவர் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றனர். ஆகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. வள்ளத்துக்கு எண்ணெய் இல்லை; அட்டைக்கு ஏக்கர் உண்டு!

பண்ணை என்ற முறையையே நாம் எதிர்க்கவில்லை. குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்க முடியுமென்றால், இயற்கை இருப்பின்மீதுள்ள சுமை குறையலாம். மீனவர் சங்கங்கள் தம் கையால் நடத்தும் சிறு பண்ணைகள் சில குடும்பங்களுக்குச் சோறு போடலாம். இதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் வேலி எங்கே நடப்படுகிறது என்று பாருங்கள். ஆழமற்ற, சாதாளை செறிந்த களப்பிலேதான் நடப்படுகிறது. அங்கேதான் இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அங்கேதான் வள்ளமில்லாத ஏழை தோளிலே வலையோடு நடந்து தொழில் செய்கிறான். பெண்கள் மட்டி பொறுக்குகிறார்கள். அந்த நீர் யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாத பொதுச் சொத்து. கம்பு நட்டு வலை கட்டியவுடன் அது சொத்துடையவனின் காணியாகிவிடுகிறது. கௌதாரிமுனையிலும் கிராஞ்சியிலும் மீனவ மக்கள் எழுப்பிய எதிர்ப்புக் குரலின் சாரம் இதுவே. வேலிக்குள்ளே நுழைந்தால் பரம்பரையாக அங்கே தொழில் செய்தவன் திருடனாகிறான். இங்கிலாந்தில் ஆட்டு மந்தைக்காகக் குடியானவரின் பொது நிலத்தை வேலியடைத்த கதையைச் சரித்திர வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதை நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

“இந்தியாவைப் போல் முற்றாகத் தடை செய்யலாமே” என்பார்கள் சிலர். இந்தியா 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் புலிக்கும் யானைக்கும் நிகராகப் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. விளைவு என்ன? அதையே நம்பி வாழ்ந்த இராமநாதபுரத்துச் சுழியோடிகள் மாற்றுத் தொழிலின்றி விடப்பட்டனர். கள்ளக் கடத்தல் பெருகியது. எடுத்தவன் சிறை செல்கிறான், எடுக்கப் பணம் கொடுத்தவன் பங்களாவில் இருக்கிறான். தடைச் சட்டம் பசியைத் தடை செய்வதில்லை.

வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினோம், வயிற்றிலேயே முடிப்போம். மன்னாருக்கு வயிற்று நோயின் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட உழைப்பாளிகள் இக்கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாடு நோக்கி நடந்தார்கள். வாந்திபேதி அவர்களை வழிநெடுகச் சாய்த்தது. அவர்களைக் கொன்றது குடலின் வறட்சியா? குடிக்கத் தூய நீர் இன்மையும், உயிரை மலிவாகக் கணித்த முதலாளித்துவமும் அல்லவா கொன்றன! 1971இல் வங்க அகதி முகாம் ஒன்றிலே அதே வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினரே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். 30 சதவீதம்வரை எட்டியிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உலகில் கோடானுகோடிக் குழந்தைகளின் வயிற்றைக் காத்த மருந்து அது. கிலோவுக்கு நூறு டொலர் பெறும் பொருளன்று. மன்னார் உப்பளத்தில் குவிந்து கிடக்கும் பொருள். அதனால்தான் அதை விற்றுக் கோடீஸ்வரனானவன் எவனுமில்லை!

சீனத்தின் பெயரைக் கேட்டதும் மனம் நெகிழும் முற்போக்காளர் நம்மிடையே உண்டு. அந்த நெகிழ்வுக்குக் காரணமும் உண்டு. 1952இல் இலங்கை இறப்பர் கொடுத்தது. சீனம் அரிசி கொடுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசுக்கெதிராக நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அரிசி அன்று எத்தகைய அரசியல் என்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்? 1960களின் பிற்பகுதியில், குடியானவ இளைஞருக்கு அடிப்படை மருத்துவம் கற்பித்துக் கிராமந்தோறும் அனுப்பிய ‘வெறுங்கால் வைத்தியர்’ திட்டம் உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது. அவர்கள் மூலிகையையும் கையாண்டார்கள், ஊசியையும் கையாண்டார்கள். கிணற்றைச் சுத்தம் செய்வதையும் கழிப்பிடம் அமைப்பதையும் வைத்தியத்தின் பகுதியாகக் கொண்டார்கள். அந்தச் சீனத்திடம் நாம் கற்க வேண்டியது ஏராளம். ஆனால் 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் வடக்கே வந்து அட்டைப் பண்ணையைப் பார்வையிட்டு, தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டில் நின்றபோது, அவர் பின்னால் நின்றது வெறுங்கால் வைத்தியன் அல்லன், மூலதனம். மூலதனம் எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் அதன் பசி ஒன்றே. அதை அமெரிக்கக் கொடியின் கீழும் இந்தியக் கொடியின் கீழும் மட்டும் காணப் பழகிய கண்களுக்கு வைத்தியம் தேவை.

அதேவேளை, சீனனைக் காட்டித் தமிழனைப் பயமுறுத்தி, டெல்லியின் தயவை நாடும் அரசியலையும் நாம் நிராகரிக்கிறோம். மன்னார்க் கடலின் அடித்தளத்தை உழுது நாசமாக்குபவை இராமேஸ்வரத்துப் பக்கமிருந்து வரும் இழுவைப் படகுகள் என்பதை எந்தப் பேசாலை மீனவனும் அறிவான். கொடியைப் பார்த்துக் கோபப்படுவது இனவாதம். செயலைப் பார்த்துக் கோபப்படுவதே அரசியல்.

நமது நிலை இதுதான். களப்பும் கரைநீரும் அங்கே தொழில் செய்யும் மக்களின் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். அவர்களது சங்கங்களின் இசைவின்றி ஒரு கம்பும் நடப்படலாகாது. அட்டை இனப்பெருக்கம் செய்யும் காலத்திலும், அது சிறியதாக இருக்கும்போதும் எடுப்பது நிறுத்தப்பட வேண்டும். அந்நாட்களில் சுழியோடியின் அடுப்பு எரிவதற்கு ஏற்றுமதியாளனின் இலாபத்திலிருந்து நிதி ஒதுக்கப்பட வேண்டும். சுழியோடிக்குப் பயிற்சியும் காப்புறுதியும் சிகிச்சையும் சட்டத்தின்மூலம் உரிமையாக்கப்பட வேண்டும். அட்டை விற்று வரும் டொலரில் ஒரு பங்கு, அக்கரையின் குடிநீருக்கும் வைத்தியசாலைக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. உயிரியல் பாடத்தில் முட்தோலிகளைப் படிக்கும்போது கடல் அட்டையின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம், புள்ளிகளும் பெறுகிறோம். அந்தப் படத்திலே ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கை. அடுத்த முறை வரையும்போது அந்தக் கையையும் சேர்த்து வரைவோம். அது யாருடைய கை, அதற்குக் கிடைத்தது எவ்வளவு என்று வகுப்பிலே ஒரு பிள்ளையாவது கேட்கட்டும்.